குரங்கெழுத்து

மார்ச் மாதக் கடைசி. பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்தது. ரஸ்கிராடிலிருந்து வந்த பேருந்து ஊர்க்கோடியில் நின்றதும் ரலிட்சா துணிமூட்டையைத் தொடவில்லை. போர்வையில் சுற்றிய மானிட்டரைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். கம்ப்யூட்டர் பெட்டியையும் பிரிண்டரையும் ஓட்டுநர் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

விவாகரத்தில் வீடு கணவன் பக்கம் போய்விட்டது. அவளுக்கு மிஞ்சியது இந்த மெஷின்தான். சோறு போட்டதும் அதுதான்.

அவள் செய்தது மரண அறிவிப்பு அச்சடிக்கும் தொழில். பல்கேரியாவில் ஒருவர் செத்தால் படமும் பெயரும் போட்ட தாளை வீட்டுக் கதவில், மரத்தில், பேருந்து நிறுத்தத்தில் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள், அரை வருஷம், வருஷம் என்று திரும்பத் திரும்ப ஒட்டுவார்கள். கிறிஸ்தவர் என்றால் கறுப்புக் கட்டம், முஸ்லிம் என்றால் பச்சைக் கட்டம். சாவுக்கு ஓய்வு இல்லாததால் ரலிட்சாவுக்கும் வேலை ஓய்ந்ததில்லை.

அப்பா டோப்ரி வாசலில் நின்றார். அம்மா இறந்த பிறகு தாடி வளர்த்திருந்தார். மகளைக் கட்டிக்கொள்ளவில்லை, மானிட்டரைத்தான் பார்த்தார்.

"இதையெல்லாம் எங்க வைக்கப்போற?"

"பின்னாடி அறையில."

"அது வேணாம். ஈரம். சமையலறையிலயே ஒரு மூலையில வச்சுக்க."

"உங்க பீன்ஸ் சூப்புக்கும் வறுத்த மிளகாய்க்கும் நடுவுலயா நான் செத்தவங்க பேரை அடிக்கிறது? எனக்கு வெளிச்சம் வேணும்பா."

"வேணாம்னா வேணாம்."

"அந்த வீட்டுலயும் எனக்கு இடமில்லன்னாங்க. இங்கயும் இல்லையா?"

அவர் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவள் கையில் கொடுக்காமல் மேசைமேல் எறிந்துவிட்டுப் போனார்.

அப்பா அந்த வீட்டை வாங்கியது எண்பத்தொன்பதாம் வருஷக் கோடையில். ரலிட்சா அப்போது தலைநகர் சோஃபியாவில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்துபோன நாட்களிலும் அந்தப் பின்னறை பூட்டித்தான் கிடந்தது. இப்போது திறந்தாள். சுண்ணாம்புச் சுவர். ஒரு கனமான பழைய மேசை. தெற்குப் பார்த்த ஜன்னல், வெயில் நேராக உள்ளே விழுந்தது. ஈரம் எங்கேயும் இல்லை.

ஆனால் குளிர் இருந்தது. வெயில் விழுந்த இடத்தில்கூட.

ரலிட்சா இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

முதல் வாரத்திலேயே ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற வெலிகோ என்பவர் இறந்துபோனார். அவருடைய தங்கை வந்து படம் கொடுத்துவிட்டுப் போனாள். ரலிட்சா கறுப்புக் கட்டம் போட்டு, படத்தை நடுவில் வைத்து, பெயரை அடித்தாள்.

திரையில் பெயர் பல்கேரிய எழுத்தில் வரவில்லை. தலையில் புள்ளியும் கோடும் கொம்பும் முளைத்த லத்தீன் எழுத்துகள் ஒரு கும்பலாக வந்து நின்றன. அந்த ஊர்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் குரங்கெழுத்து. கம்ப்யூட்டர் வைத்திருந்த எல்லாரும் எப்போதாவது பார்த்ததுதான். ரலிட்சா சலிப்போடு அந்த ஃபாண்டை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். சரியாக வந்தது. அச்சடித்தாள், உறையில் போட்டுக் கொடுத்தாள், வெலிகோவின் தங்கையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கிப்போனாள்.

மறுநாள் காலையிலேயே கதவு இடிந்துவிழுவது போலத் தட்டல்.

"ஏம்மா, எங்கண்ணன் பேரு உனக்குச் சிரிப்பா இருக்கா?" வெலிகோவின் தங்கை கையிலிருந்த தாளை ரலிட்சாவின் மூக்குக்கு நேராக ஆட்டினாள். "கோயில் கதவுல ஒட்டியாச்சு! பாதிரியார் படிச்சுட்டு, இது யாரு, சர்க்கஸ்லேருந்து ஓடிவந்த ஆளான்னு கேக்குறாரு! அது போகட்டும், இது என்ன நிறம்? எங்கண்ணன் எப்போ மதம் மாறினாரு?"

ரலிட்சா தாளை வாங்கிப் பார்த்தாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு முளைத்த எழுத்துகள்.

கட்டம் பச்சையாக இருந்தது.

அவளுடைய பிரிண்டரில் கறுப்பு மை மட்டும்தான் உண்டு.

அந்தம்மாளிடம் என்ன சொன்னாள், எப்படி அனுப்பினாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. முதலில் வந்தது பயம் அல்ல, கோபம்தான். கணவன் மேல், வழக்கறிஞர் மேல், தன்மேல் பல மாதமாக அடக்கிவைத்திருந்தது எல்லாம் அந்த மெஷின்மேல் திரும்பியது. கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கிளறினாள். இருந்த ஃபாண்டுகளை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். எழுத்துகளைச் சேமித்துவைக்கும் தற்காலிகக் கோப்பைத் துடைத்தாள். அணைத்துப் போட்டாள், மறுபடி அணைத்துப் போட்டாள். கடைசியில் கண்ட்ரோல் பேனலுக்குள் நுழைந்து மொழி அமைப்பைத் திறந்தாள்.

பல்கேரிய மொழி என்று இருக்க வேண்டிய இடத்தில் துருக்கி மொழி என்று இருந்தது.

மாற்றினாள். மெஷின் தன்னைத்தானே அணைத்து எழுந்தது. எழுத்து சரியானது. தேநீர் போட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தபோது, மறுபடி துருக்கி.

சமையலறைக்குப் போனாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து லிண்டன் மரப்பூத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என் மெஷினைத் தொட்டீங்களா?"

"நானா? அதைப் பார்த்தாலே எனக்குக் கண்ணு கூசுது."

"பின்ன யாரு? வீட்டுல நாம ரெண்டு பேருதான். யாரோ போய் மொழியை மாத்திவைக்கிறாங்க. என் பொழப்பே நாறுதுப்பா!"

"என்ன மொழியா மாறுது?"

"துருக்கி."

கோப்பை மேசையில் இறங்கிய வேகத்தில் தேநீர் தளும்பி அவர் கைமேல் கொட்டியது. சூடு உறைத்ததாகவே தெரியவில்லை. எழுந்து, ஷூகூடப் போடாமல், வீட்டுச் செருப்போடு சேற்றில் இறங்கி நடந்து போனார்.

ரலிட்சா அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மனுஷனுக்கு ஏதோ தெரியும் என்று அவளுக்கு அப்போதே பட்டுவிட்டது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த பென்யோவை வரவழைத்தாள். பெருத்த உடம்பு, பெரிய வாய். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான்.

"ரலி, மெஷினைத் திட்டுனியாமே. திட்டினா அதுக்கு ரோஷம் வந்துரும், தெரியுமா?"

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

"பார்க்கத்தானே வந்தேன்." உட்கார்ந்தான். உடனே தோளைக் குறுக்கிக்கொண்டான். "என்ன அறை இது, பிணக்கிடங்கு மாதிரி? சரி, கேளு. எழுத்துன்னு மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது. உள்ள எல்லாம் எண்ணு. அதே எண்ணு நம்ம அட்டவணையில பார்த்தா ஒரு எழுத்து, துருக்கிக்காரன் அட்டவணையில பார்த்தா வேற எழுத்து. எந்த அட்டவணைன்னு யார் முடிவு பண்றாங்களோ, அவங்க சொல்றதுதான் உன் பேரு. உன் புரோகிராம் பழசு, அதான் குழம்புது. எல்லாத்தையும் துடைச்சுப் புதுசாப் போட்டுர்றேன்."

துடைத்தான். புதிதாகப் போட்டான். மதியம் முழுக்க அதிலேயே போனது. கடைசியில் எழுத்துப் பலகையை முன்னால் இழுத்துச் சோதனைக்கு ஒரு வரி அடித்தான். அழகாக, தாய்மொழியில் வந்தது.

"பார்த்தியா? பென்யோ கை வச்சா..."

வரி கலையத் தொடங்கியது.

எழுத்து எழுத்தாக அது குரங்கெழுத்தாக மாறிக்கொண்டே போனது. பென்யோவின் கைகள் அவன் மடியில் இருந்தன. பலகையில் யாரும் விரல் வைக்கவில்லை. பிறகு கொம்பு முளைத்த எழுத்துகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. ஒரே ஒரு சொல் மிஞ்சும்வரை மறைந்துகொண்டே இருந்தன.

சுத்தமான துருக்கி எழுத்தில் ஒரு பெயர். முதல் எழுத்தின் அடியில் சின்னதாக வால்.

ஷெரிஃபே.

மேசைக்குள்ளிருந்து 'தொப்' என்று ஒரு சத்தம். ரப்பர் முத்திரையை மையில் ஒற்றிக் காகிதத்தில் அடித்தது போல.

மறுபடி, தொப்.

பென்யோ எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ரலி," என்றான், குரலே வராமல். "இது ஃபாண்ட் கோளாறு இல்ல."

திருப்புளியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போனான்.

ஷெரிஃபே யார்?

பக்கத்துத் தெருவில் ஃபிக்ரியே என்று ஒரு பெண் இருந்தாள். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள், அறுபதை நெருங்கும் வயது. அந்தப் பக்கத்தில் எண்பத்தொன்பதில் எல்லாரும் துருக்கிக்கு விரட்டப்பட்டபோது போகாமல் தங்கிவிட்ட துருக்கிக் குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. ரலிட்சா அவளுடைய மாட்டுக்கொட்டகைக்கே போய் நின்றாள்.

"ஃபிக்ரியே அக்கா, ஒண்ணு கேக்கணும். ஷெரிஃபேன்னு யாராச்சும் தெரியுமா?"

பால் பீச்சிக்கொண்டிருந்த கை நின்றது. தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"யார் சொன்னா அந்தப் பேரை?"

"எங்க வீட்டுல..." ரலிட்சாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "அங்க எழுதியிருந்தது."

"எங்க சின்னம்மா. எங்கம்மா கூடப் பிறந்தவ. உங்க வீடுன்னு சொல்றியே, அது அவங்க வீடு." ஃபிக்ரியே வாளியைத் தள்ளிவைத்துவிட்டுத் திரும்பினாள். "எந்த அறையில உக்காந்து வேலை செய்யற?"

"பின்னாடி, தெக்குப் பார்த்த அறை."

"அங்கதான் செத்தாங்க."

ஃபிக்ரியே உப்பு வாங்கப் போன கதை மாதிரி அதைச் சொன்னாள். எண்பத்தைந்தாம் வருஷம் ஜனவரி. ஊரைச் சுற்றிப் பட்டாளம் நின்றது. துருக்கிக்காரர்களை எல்லாம் நகர மன்றத்துக்கு வரச்சொன்னார்கள். பனி கொட்டக் கொட்ட வெளியே நிற்க வைத்தார்கள். உள்ளே ஒரு மேசை. பழைய பெயரைச் சொல்ல வேண்டும், ஒரு பல்கேரியப் பெயரை ஏற்றுக்கொள்ள வேண்டும், முத்திரை விழும், புது அடையாள அட்டை கைக்கு வரும். அன்றிலிருந்து பழைய பெயரைத் தெருவில் சொன்னால் தண்டம்.

"சின்னம்மா வாயே திறக்கல. என்ன பேரு வேணும்னு கேட்டாங்க, அப்படியே நின்னாங்க. நான் அவங்களுக்குப் பின்னாடி நின்னேன். மேசையில இருந்த ஆளு ஜன்னல் வழியா வெளியப் பார்த்தாரு. பனி கொட்டுச்சு. சிரிச்சாரு. 'ஸ்நெஜானான்னு போட்டுருவோம், பனிப்பொண்ணு, வெளிய நின்னு நல்லா வெளுத்துட்டா'ன்னாரு. கூட இருந்தவங்களும் சிரிச்சாங்க. சின்னம்மா வீட்டுக்கு வந்து அந்த அறையில சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாங்க. தண்ணிகூட இறங்கல. பனி உருகுறதுக்குள்ள போயிட்டாங்க. சமாதிக் கல்லுலயும் ஸ்நெஜானான்னுதான் வெட்டணும்னாங்க. வெட்டினோம்."

ரலிட்சாவுக்குக் கேட்கவே வேண்டாம் என்று இருந்தது. கேட்டாள்.

"மேசையில இருந்தது யாரு?"

ஃபிக்ரியே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பதினெட்டு, பத்தொன்பது வருஷக் கோபம் ஆறாமல் அப்படியே இருந்தது.

"உனக்கு நிஜமாவே தெரியாதா?"

ரலிட்சா வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள். அப்பா முற்றத்தில் திராட்சைக் கொடியை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஷெரிஃபே," என்றாள்.

கத்தரி கையிலேயே நின்றது. "எந்தப் பொம்பள உன்கிட்ட வந்து..."

"நீங்கதானா?"

"மகளே, அது மேலிடத்து உத்தரவு. நான் செய்யலன்னா வேற ஒருத்தன் செஞ்சிருப்பான். உனக்குப் படிப்பு, சோஃபியாவுல ரூம், எல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு நினைக்கிற?"

"பேரை மாத்தச் சொன்னது உத்தரவு. சரி. சிரிச்சீங்களாமே. சிரிக்கச் சொல்லியும் மேலேருந்து உத்தரவு வந்துச்சா?"

"ரலி!"

"அவங்க செத்த வீட்டை, அவங்க பிள்ளைங்க மூட்டையைத் தூக்கிட்டு ஓடுறப்ப அடிமாட்டு விலைக்கு வாங்கியிருக்க! அந்த அறையைப் பூட்டிவச்சுட்டுப் பக்கத்து அறையில தூங்கியிருக்க! அம்மாவுக்குத் தெரியுமா இது? இப்ப என் மெஷின்ல அவங்க பேருதான் தானா வந்து நிக்குது!"

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது.

"பேயி, பிசாசு! படிச்சவதானே நீ? கம்பிக்குள்ளயும் கண்ணாடிக்குள்ளயும் கிழவி வந்து உக்காந்திருக்காளா? வா, நான் காட்டறேன்!"

கத்தரியை வீசி எறிந்துவிட்டுப் பின்னறைக்குள் போனார். பதினைந்து வருஷத்தில் அவர் அந்த வாசலைத் தாண்டியதை ரலிட்சா பார்த்ததே இல்லை. மெஷின் முன் உட்கார்ந்து, ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடித் தன் பெயரை அடித்தார். டோ. ப். ரி.

அறையில் ஈரக் கம்பளியின் வாடை எழுந்தது. வெயிலில் தூசி மினுங்கிக்கொண்டிருந்த பகல் நேரம்.

திரையில் அவர் பெயர் வரவில்லை. குரங்கெழுத்தும் வரவில்லை. அவருடைய சொந்த மொழியில், ஒரு கொம்பும் வாலும் இல்லாத சுத்தமான எழுத்தில் வந்தது.

ஸ்நெஜானா.

அழித்தார். மறுபடி அடித்தார்.

ஸ்நெஜானா.

மேசைக்குள்ளிருந்து, தொப்.

"நான் டோப்ரி!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். "என் பேரு டோப்ரி! கேக்குதா?"

தொப்.

"டோப்ரி!"

தொப். தொப். தொப்.

கையை ஓங்கி மானிட்டரில் குத்தினார். கண்ணாடி உடையவில்லை. அவர் முகம்தான் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வாய் கோணி, நாற்காலியிலிருந்து மெதுவாக, யாரோ தோளைப் பிடித்து இறக்கிவைத்தது போல, தரையில் சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் நாலைந்து நாள் கண் திறக்கவில்லை. திறந்த காலை, வயதில் இளைய டாக்டர் ஒருவர் கட்டிலருகே குனிந்தார். ரலிட்சா கால்மாட்டில் நின்றாள்.

"தாத்தா, நான் பேசறது கேக்குதா? உங்க பேரு என்ன?"

கோணிய வாய் அசைந்தது. ஒவ்வொரு எழுத்தாக, யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பது போல.

"ஸ்நெ... ஜா... னா."

டாக்டர் சிரித்துவிட்டார். "என்ன தாத்தா, பொண்ணு பேரைச் சொல்றீங்க!"

"சிரிக்காதீங்க!" ரலிட்சா போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. "இதுல சிரிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல!"

மருந்துவண்டியைத் தள்ளி வந்த நர்ஸ் சீட்டைப் பார்த்து "டோப்ரி!" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போலக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே எங்கோ தன் பெயரை அவர் அறிவார், அதை எடுத்து உதட்டுக்குக் கொண்டுவரத்தான் முடியவில்லை என்று அந்தக் கண்களைப் பார்த்த ரலிட்சாவுக்குப் புரிந்தது.

பாவமாக இருந்தது. கோபமும் தீரவில்லை.

ஃபிக்ரியேயைப் போய்ப் பார்த்தாள். "அக்கா, கல்லை மாத்தணும்."

"உன் அப்பனைக் காப்பாத்தவா?"

"அதுக்கும்தான். ஆனா அவர் செத்தே போயிருந்தாலும் நான் இங்க வந்திருப்பேன்."

ஃபிக்ரியே உள்ளே போய்த் தலைக்குச் சவுக்கம் கட்டிக்கொண்டு வந்தாள். "கல்வெட்டுறவனுக்கு எழுத்து மாதிரி வேணும். நீ அடிச்சுக் கொடு."

ரலிட்சா பின்னறைக்குப் போய் மெஷினைப் போட்டாள். அவளிடம் இருந்த ஃபாண்டில் வால் வைத்த அந்த எழுத்தே கிடையாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அடித்தாள். பெயர் வாலோடும் புள்ளியோடும் ஒரு குறையும் இல்லாமல் திரையில் வந்து நின்றது. தாளிலும் அப்படியே விழுந்தது.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை புதுக் கல் நட்டார்கள். ஃபிக்ரியே கைகளை ஏந்தி ஓதினாள். ரலிட்சா கொஞ்சம் தள்ளி நின்றாள். பழைய கல்லை இருவரும் சேர்ந்து சுத்தியலால் உடைத்தார்கள். முதல் அடி ஃபிக்ரியே அடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல், சில்லு சில்லாகப் போகும்வரை அடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் சுத்தியலைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "உங்கப்பா பேசறாரு. டோப்ரி, டோப்ரின்னு அவரே அவரைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

ஜூனில் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஒரு கையும் காலும் விளங்கவில்லை. ஆனால் பேச்சு வந்துவிட்டது. முன்னறைக் கட்டிலில் படுத்துக்கொண்டு தயிர் கேட்டார், ரேடியோ கேட்டார். ஷெரிஃபேயைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், அவள் தலையணையைச் சரிசெய்தபோது, "நல்லது செஞ்சே, ரலி" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பின்னறையில் குளிர் போய்விட்டது. ஊரெல்லாம் லிண்டன் பூத்து வாசம் ஜன்னல் வழியாக வந்தது. மெஷின் சொன்னபடி கேட்டது. எழுத்து ஒழுங்காக வந்தது, கட்டம் கறுப்பாகவே இருந்தது. மொழி அமைப்பைத் தினமும் திறந்து பார்ப்பாள். பல்கேரிய மொழி என்றே இருக்கும். கொஞ்ச நாளில் திறந்து பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

வெயில் கொளுத்திய ஒரு பிற்பகல். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரின் வருஷ அறிவிப்பு அடித்துக்கொண்டிருந்தாள். பாதி வரியில் எழுத்துக்குக் கொம்பு முளைத்தது.

ரலிட்சாவின் விரல்கள் அந்தரத்தில் நின்றன.

கொம்புகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒரு பெயர் மிஞ்சியது.

அது ஷெரிஃபே இல்லை.

ஹைரியே என்று இருந்தது.

அவள் வாய்விட்டுப் படித்து முடிப்பதற்குள் அதன் கீழே இன்னொன்று வந்தது. இல்ஹான். அதன் கீழே முஸெய்யென். அதன் கீழே, அதன் கீழே, திரையின் அடிவரை போய், திரை தானாக மேலே ஏறி, இன்னும் கீழே. பெயர்கள் நிற்கவில்லை.

ரலிட்சா முன்னறைக்குப் போனாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அப்பா," என்றாள் மெல்ல. "அந்தக் குளிர்காலத்துல உங்க மேசைக்கு முன்னாடி எத்தனை பேர் வந்து நின்னாங்க?"

பதில் இல்லை.

"அப்பா? டோப்ரி?"

அவர் கண்கள் மட்டும் அவள் பக்கம் உருண்டன. அவற்றில் இருந்த திகிலை அவள் எந்த மனிதக் கண்ணிலும் அதற்கு முன் பார்த்ததில்லை. உதடுகள் அவர் சொல்லாமலே அசைந்தன.

"வயலெட்டா," என்றார்.

மறுபடி அசைந்தன.

"இவைலோ."

கையால் வாயைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்குள்ளிருந்தும் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் அவர் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் இப்போது அவரே சொந்தக்காரர்.

ரலிட்சா அங்கே நிற்க முடியாமல் திரும்பினாள். நடையில் கால் வைத்ததும் சில்லென்று ஈரம் தைத்தது.

குனிந்து பார்த்தாள்.

வாசற்கதவு திறந்திருந்தது. வெளியே தெரு புழுதி பறக்கக் காய்ந்து கிடந்தது. கேட்டிலிருந்து முற்றத்தைத் தாண்டி, நடை வழியாக, பின்னறை வாசல்வரை வரிசையாக ஈரக் காலடித் தடங்கள். பெரிய பூட்ஸ், பெண்களின் ரப்பர் செருப்பு, உள்ளங்கை அகலமே இருந்த குழந்தைக் கால். எல்லாம் ஒரே திசையைப் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தடங்களின் ஓரத்தில் இன்னும் கரையாத வெள்ளைத் துணுக்குகள்.

அவள் அந்த வரிசைக்குப் பக்கவாட்டில், சுவரோடு ஒட்டி, யாரையும் இடித்துவிடாமல் நடந்தாள். பின்னறைக்குள் போனாள். மேசை முன் உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் எரிந்தது பயம் அல்ல என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பச்சைக் கட்டம் போட்ட ஒரு வெற்றுத் தாளைத் திரையில் திறந்தாள்.

"சொல்லுங்க," என்றாள். "அடுத்தது யாரு?"

நடையில், தடங்கள் ஒவ்வொன்றும் ஓரடி முன்னால் நகர்ந்தன.